பாட்டியின் பெயரைப் பாட்டில் ஏற்றிய பேரன்!

விரிஞ்சிபுரம் மதிலைப் பார்த்திருக்கிறீர்களா?

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் இருக்கிறது விரிஞ்சிபுரம். பாலாற்றங்கரை ஊர். அங்கே மார்க்கபந்தீசுவரர் கோவில் கொண்டிருக்கிறார். தமிழில் அவருக்கு "வழித்துணை நாதர்" என்று பெயர். அந்தக் கோவிலின் மதில் அழகைப் பெரியவர்கள் வாயாரச் சொல்வார்கள்.

மதில் எழுந்த காலத்து அரசர்களைப் பற்றிப் பேசுகிறோம். கல்வெட்டுகளைப் படிக்கிறோம். ஆனால், அந்தக் கல்லைச் சுமந்த தோள் யாருடையது? அந்த ஆளின் பெயர் என்ன?

தெரியாது!

அதே சாலையில் இன்னும் மேற்கே போங்கள். ஆம்பூர் வரும். தோல் பதனிடும் ஊர். பூட்ஸ் தைக்கும் ஊர். விடிந்ததும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தைத்த பூட்ஸ் கப்பல் ஏறுகிறது. சீமைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காருகிறது. அதன்மேல் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். தைத்தவள் பெயர் இராது.

பாட்டுக்கும் இதே கதிதான்.

நாற்று நடும்போது ஒரு பெண் பாடினாள். தொட்டிலை ஆட்டும்போது பாடினாள். இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். அந்தப் பாட்டு நிலைத்தது. பாடியவள் பெயர் நிலைக்கவில்லை. "நாட்டுப்பாடல்" என்று புத்தகத்தில் போட்டுவிட்டார்கள்.

இந்த வழக்கத்தை ஒரு வாலிபர் மாற்றப் பார்த்தார். தம் பாட்டியின் பெயரை உலகம் முழுவதும் கேட்கச் செய்தார். அவர் நம் பக்கத்துக்காரர். அரக்கோணத்தில் பிறந்தவர். அவர் பெயர் அறிவு.

அவர் பாடுவது, "ராப்" என்னும் புதுவகைப் பாட்டு.

ராப் என்றால் என்ன?

தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பாடகர் மளமளவென்று பேசிக்கொண்டே போவார். பேச்சு போல இருக்கும். ஆனால் பேச்சு அல்ல. எதுகை இருக்கும். மோனை இருக்கும். ஒரு சொல்கூடத் தாளத்தை விட்டு இறங்காது. இதுதான் ராப். ராப் பாட்டு, இசைத்தட்டைச் சுழற்றி ஒலி உண்டாக்குவது, ஒருவகை ஆட்டம், சுவரில் வண்ணம் தீட்டுவது எல்லாம் சேர்ந்ததற்கு "ஹிப் ஹாப்" என்று பெயர்.

இது பிறந்தது அமெரிக்காவில். நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. ஓர் அடுக்குமாடி வீட்டின் பொதுக் கூடத்தில் விருந்து நடந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். அதற்காக ஒரு பெண் அந்த விருந்தை ஏற்பாடு செய்தாள். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன். ஜமைக்கா தீவிலிருந்து குடியேறிய 18 வயது வாலிபர். ஊரார் அவரை "கூல் ஹெர்க்" என்று அழைத்தார்கள்.

அவர் ஒன்றைக் கவனித்தார். பாட்டின் நடுவே குரல் நின்று, தாளம் மட்டும் கொட்டும் இடம் வரும். அப்போதுதான் எல்லாரும் எழுந்து ஆடினார்கள். அந்த இடமோ சில விநாடிகளில் ஓடிவிடும். ஹெர்க் ஒரே மாதிரி இரண்டு தட்டுகளை எடுத்தார். ஒன்றில் தாளம் முடிந்ததும் மற்றொன்றில் அதே தாளத்தைத் தொடங்கினார். தாளம் நிற்கவே இல்லை! அதன்மேல் ஒலிபெருக்கியில் பேசினார்கள். பேச்சு பாட்டாயிற்று.

"மரியாதை கொடு!"

ஹெர்க் போட்ட தட்டுகளில் பல, "சோல்" என்னும் வகைப் பாட்டுகள். சோல் என்றால் ஆத்மா.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள். பருத்திக் காட்டில் உழைத்தார்கள். பாடிக்கொண்டே உழைத்தார்கள். அவர்களுடைய சொந்தப் பெயரைக்கூடப் பிடுங்கிக்கொண்டு, எசமானர்கள் வேறு பெயர் வைத்தார்கள். அந்த வேதனைப் பாட்டும் மாதா கோவில் பாட்டும் கலந்து, 1950-களில் சோல் இசை உருவாயிற்று.

அதில் அரசி என்று பெயர் பெற்றவர் அரிதா பிராங்க்ளின். பாதிரியாரின் மகள். 1967-ல் அவர் பாடிய ஒரு பாட்டின் பெயரே "மரியாதை". கேட்டவர்கள் அதைக் காதல் பாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களும் கறுப்பின மக்களும் தங்கள் உரிமைக் குரலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஹிப் ஹாப் அந்தத் தாயின் பிள்ளை.

ஆனால் பிள்ளையும் ஒரு தவறு செய்தது. 1979-ல் முதல் முதலாக ஒரு ராப் இசைத்தட்டு பெரிய வெற்றி பெற்றது. அதில் பாடிய ஒருவர், "கிராண்ட்மாஸ்டர் காஸ்" என்னும் வேறொரு பாடகர் எழுதிய வரிகளைப் பாடினார். தட்டில் காசின் பெயர் இல்லை. உரிய பணமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

எழுதியவன் ஒருவன், பெயர் மற்றொருவனுக்கு! இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல, பார்த்தீர்களா?

தமிழுக்கு வந்த கதை

1994-ல் "காதலன்" படம் வந்தது. ஏ.ஆர்.ரகுமான் இசையில் "பேட்டை ராப்" பாட்டைக் கேட்டு இளைஞர்கள் துள்ளினார்கள். பலருக்கு "ராப்" என்ற சொல்லே அப்போதுதான் தெரியும்.

பிறகு மலேசியத் தமிழர்கள் கை கொடுத்தார்கள். யோகி பி என்பவரும் "நட்சத்திரா" குழுவினரும் 2006-ல் "வல்லவன்" என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப்புக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த தொகுப்பு அது. அதன் பின் "ஹிப்ஹாப் தமிழா" ஆதியும் ஜீவாவும் வந்தார்கள். ஆதி கோவைக்காரர். 2012-ல் இவர்களுடைய "ஹிப் ஹாப் தமிழன்" தொகுப்பு வந்தது. கல்லூரி மாணவர் வாயில் எல்லாம் ராப்!

இப்படித் தயாரான நிலத்தில்தான் அறிவு வந்து விதை போட்டார்.

அரக்கோணத்து வாலிபர்

காட்பாடியில் ரெயில் ஏறினால் சுமார் 60 கிலோமீட்டரில் அரக்கோணம். 2019 வரை அதுவும் வேலூர் மாவட்டம்தான். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்.

அறிவின் முழுப் பெயர் அறிவரசு கலைநேசன். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் எழுத்து தமக்கு வழி காட்டியது என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்.

அவர் பாட்டுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, கடல் தாண்டி வந்த ராப். மற்றொன்று, வீட்டில் கேட்ட பாட்டியின் ஒப்பாரி.

இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்கிறீர்களா?

யோசித்துப் பாருங்கள். ஒப்பாரி பாடுகிறவள் காகிதம் பார்த்துப் பாடுவதில்லை. இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்ததைச் சொல்லி, அந்த நிமிடத்திலேயே சொல் கட்டுகிறாள். அடிக்கு அடி ஒலி பொருந்துகிறது. நடுவே ஊரின் அநியாயத்தையும் நுழைத்து விடுகிறாள். சாவு வீட்டில் யார் அவளைத் தடுப்பார்கள்? பிராங்க்ஸ் வாலிபர்கள் தெருவில் செய்ததும் இதுதானே!

19 பேர் ஏறிய மேடை

2017-ல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஓர் இசைக்குழுவை அமைத்தார்கள். பண்டித அயோத்திதாசர் (1845-1914) சாதியில்லாத் தமிழர் என்ற கருத்தைப் பரப்பியவர். அந்தக் கருத்தையே குழுவின் பெயராக வைத்தார்கள். "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்றால் சாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள்.

2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. குழுவில் 19 பேர். வடசென்னைக் கானா ஒருபுறம். மேல்நாட்டுக் கிடார் ஒருபுறம். நடுவே பறை!

பறையைப் பற்றி நம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரச் சட்டம். அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல். தீயில் காய்ச்சினால் விறைத்து முழங்கும். தோலைப் பதப்படுத்திய கைகளே பறையையும் கட்டின. ஆனால் அந்தக் கைகளை ஊர் தள்ளி வைத்தது. பறையைச் சாவு வீட்டோடு நிறுத்தியது. அந்தப் பறை சென்னை மேடையில் முன்வரிசைக்கு வந்தது. அந்த மேடையில்தான் அறிவின் குரலும் எழுந்தது.

அதே ஆண்டு வெளிவந்த ரஜினிகாந்தின் "காலா" படத்துக்கு அறிவு பாட்டு எழுதினார். 2019-ல் இசையமைப்பாளர் ஆப்ரோவுடன் சேர்ந்து "தெருக்குரல்" என்ற தொகுப்பை வெளியிட்டார். திருக்குறள் போல ஒலிக்கிறது அல்லவா? தெருவின் குரல்! விஜய் நடித்த "மாஸ்டர்" படம் 2021 பொங்கலுக்கு வந்தது. அதில் "வாத்தி ரெய்டு" பாட்டை எழுதி, அனிருத்துடன் சேர்ந்து பாடினார்.

சினிமாவில் பெயர் வந்துவிட்டது. ஆனால் அவரை உலகம் அறியச் செய்தது சினிமாப் பாட்டு அல்ல.

வள்ளியம்மாள்

2021 மார்ச் 7-ந் தேதி "என்ஜாய் எஞ்சாமி" என்ற பாட்டு யூடியூபில் வெளிவந்தது. பாடியவர்கள் பாடகி தீயும் அறிவும். பாட்டை எழுதியவர் அறிவு. இசை சந்தோஷ் நாராயணன்.

"எஞ்சாமி" என்றால் என் சாமி. பேரப் பிள்ளையைக் கொஞ்சும்போது கிராமத்துப் பாட்டிகள் சொல்கிற சொல்.

அறிவின் பாட்டி பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர். இங்கும் சொந்த நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் கூலி வேலை. காட்டைத் திருத்தியவர்கள், பயிர் வைத்தவர்கள், மரம் நட்டவர்கள்; ஆனால் அவர்கள் வாரிசுக்கு ஒரு பிடி மண் இல்லை. இந்தக் கதையைத்தான் பாட்டு சொல்கிறது. ஆடத் தூண்டும் தாளத்துக்குள் அழுகையை ஒளித்து வைத்திருக்கிறது. படத்தில் பாட்டியும் தோன்றுகிறார்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. லட்சக்கணக்கான தமிழர்களின் கதை.

வெள்ளைக்காரத் துரைமார்கள் முதலில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். காட்டு வழியே நடந்து போனவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். மலையைத் தோட்டம் ஆக்கினார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே ஒரு சட்டம் வந்தது. அதனால் இந்தத் தொழிலாளரில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லாதவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. மீதி 1½ லட்சம் பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது. கணக்கு முடிந்தது! பிறந்த மண் எது, கணவன் எங்கே, பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கைதான் இருந்தது. அங்கும் பெயர் இல்லை.

பாட்டு பறந்தது

பாட்டு காட்டுத்தீபோல் பரவியது. தமிழ் தெரியாதவர்களும் ஆடினார்கள். கலியாண வீட்டில் பாடினார்கள். யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. வள்ளியம்மாள் என்ற பெயர் உலகம் சுற்றியது!

பேரனின் ஆசை நிறைவேறியது என்று நினைப்பீர்கள். இல்லை. பாட்டியின் பெயர் பரவியபோது, பேரனின் பெயருக்கே தகராறு வந்தது.

2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன்" என்ற இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, "என்ஜாய் எஞ்சாமி"யையும் "நீயே ஒளி" என்ற பாட்டையும் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அட்டையில் பாடகி தீயின் படமும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலின் படமும் இருந்தன. அறிவின் படம் இல்லை. இரண்டு பாட்டிலும் அவர் எழுத்து இருந்தும் ஏன் இல்லை என்று பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பலரும் சேர்ந்து கேட்டார்கள். பிறகு அதே பத்திரிகை அறிவின் படத்தோடு இணையப் பதிப்புக்குத் தனி அட்டை வெளியிட்டது.

2022 ஜூலை 28-ந் தேதி. சென்னை நேரு உள் விளையாட்டு அரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் அமர்ந்திருக்கும் மேடை. "என்ஜாய் எஞ்சாமி" பாடப்பட்டது. தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அங்கே இல்லை.

சில நாளில் அறிவு தம் மனக்குமுறலை எழுதினார். பாட்டுக்கு மெட்டமைத்தது, எழுதியது, பாடியது எல்லாம் தம் உழைப்பு என்றார். தம் முன்னோரின் வரலாறு அது என்றார். தூங்கும்போது புதையலைத் திருடலாம். விழித்திருக்கும்போது முடியாது என்ற பொருளில் எழுதினார்.

மற்றவர்களும் பதில் சொன்னார்கள். இசையமைத்தது தாம் என்றும், எழுதியது அறிவு என்றும், உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். விழா நாளில் அறிவு அமெரிக்காவில் இருந்ததாகவும் சொன்னார். அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்றார் தீ.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதிகள் அல்ல. ஆனால் ஒன்று விளங்குகிறது. பாட்டு என்பது பலர் கூடிச் செய்கிற வேலை. மெட்டு ஒருவருடையது, சொல் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. ஒப்பாரியைப் பாதுகாத்துத் தந்தவர் இன்னொருவர். யாருக்கு எந்தப் பங்கு என்று முதலிலேயே தெளிவாக எழுதி வைக்காவிட்டால், வெற்றி வந்த பிறகு சண்டைதான் வரும்.

பணம் எங்கே?

இன்னொரு செய்தியைக் கேளுங்கள்.

பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் மறுபடி பேசினார். இந்தப் பாட்டிலிருந்து தமக்கோ, தீக்கோ, அறிவுக்கோ அதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார்!

40 கோடித் தடவை பார்த்த பாட்டு. படைத்தவர்கள் கையில் ஒன்றுமில்லை என்றால் எப்படி இருக்கும்? விளைச்சல் வீடு வந்து சேராத குடியானவன் கதைதானே இது? பாட்டில் சொன்ன வேதனை பாட்டுக்கே வந்துவிட்டது.

பேராண்டி

அறிவு சோர்ந்து உட்கார்ந்துவிட்டாரா? இல்லை.

"அம்பாசா" என்ற தம் குழுவோடு மேடை ஏறினார். 2024-ல் புதிய தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பெயர் என்ன தெரியுமா?

"வள்ளியம்மா பேராண்டி"!

இன்னாருடைய பிள்ளை என்று தகப்பன் பெயரைச் சொல்லித்தான் நம் ஊரில் ஆளை அடையாளம் காட்டுவார்கள். இவரோ, கூலிக்காரப் பாட்டியின் பெயரைப் பட்டம் போலச் சூட்டிக்கொண்டார். என் பெயரை எந்த அட்டையிலிருந்தும் எடுத்துவிடலாம். இந்த உறவை யாரால் எடுக்க முடியும் என்று கேட்பது போல இருக்கிறது!

உங்கள் வீட்டில் ஒரு வள்ளியம்மாள்

வாசகர்களே! இந்தப் பாடகரின் கதையில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது.

விரிஞ்சிபுரம் பக்கத்து வயல்களிலும், பாலாற்றங்கரை ஊர்களிலும் நடவுப் பாட்டு தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பாரி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது நடவுக்கு யந்திரம் வந்துவிட்டது. சாவுக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. பாட, அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் போனால் பாட்டும் போய்விடும்.

நீங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார், "போடா, அதெல்லாம் மறந்துபோச்சு" என்பார். விடாதீர்கள். பாட ஆரம்பித்ததும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். எந்த வயலில் பாடியது, யாரிடம் கற்றது என்று கேளுங்கள்.

எழுதி முடித்ததும் கீழே மறக்காமல் போடுங்கள்: பாடியவர் பெயர், ஊர், தேதி.

முக்கியமாக, பெயர்!